சொல் கேள்வி, சொல் விளக்கம்: மின்சாரம் தாக்கி இறத்தல்

மின்சாரத்தால் நேரும் இறப்பை எப்படிக் குறிப்பது என்பது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகள் ஆங்கிலக் கட்டுரை ஒன்றில், ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டபோது தான் ‘எலக்ட்ரோகியூட்’ ஆனதாக எழுதியிருந்தாள். உயிரோடு இருப்பவர் அப்படி எழுத முடியாது என்று ஆசிரியை திருத்தினார். வீட்டிலுள்ள அகராதியிலோ ‘காயப்படுத்துதல் அல்லது கொல்லுதல்’ என்று பொருள் தரப்பட்டுள்ளது. எது சரி? தமிழில் இதற்கு ஒரே சொல் உண்டா? – வாசகி ஒருவர், பாளையங்கோட்டை

ஆசிரியை சொன்னதே பாதுகாப்பான வழக்கு. அதற்குக் காரணம் அச்சொல் பிறந்த விதம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், தூக்கிலிடுவதற்குப் பதிலாக மின்சாரத்தால் மரண தண்டனையை நிறைவேற்றலாம் என்று 1888-இல் சட்டம் இயற்றியது. பஃபலோ நகரத்துப் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் சவுத்விக் இந்த முறையை முன்மொழிந்தவர்களில் முதன்மையானவர். சட்டம் வந்துவிட்டது, ஆனால் அந்தச் செயலைக் குறிக்கச் சொல் இல்லை. மின்சாரத்தைக் குறிக்கும் ‘எலக்ட்ரோ’ என்ற முன்பகுதியையும், தண்டனையை நிறைவேற்றுவதைக் குறிக்கும் ‘எக்ஸிகியூட்’ என்ற சொல்லின் பின்பகுதியையும் ஒட்டி, 1889 வாக்கில் செய்தித்தாள்கள் ‘எலக்ட்ரோகியூட்’ என்று எழுதத் தொடங்கின. ‘எக்ஸிகியூட்’ என்பதன் இலத்தீன் வேருக்குப் ‘பின்தொடர்ந்து நிறைவேற்றுதல்’ என்பதே பொருள். சாவு என்ற பொருள் அதில் இல்லை. ஆகவே வெட்டி ஒட்டிய அந்தச் சொல் இலக்கணமற்றது என்று அன்றைய மொழிப் பற்றாளர்கள் கடிந்துகொண்டார்கள். அப்போது தாமஸ் எடிசனின் நேர் மின்னோட்ட முறைக்கும், ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் மாறு மின்னோட்ட முறைக்கும் இடையே கடும் வணிகப் போட்டி நிலவியது. மாறு மின்னோட்டமே ஆளைக் கொல்வது என்று மக்கள் மனத்தில் பதிய வேண்டும் என விரும்பிய எடிசன் தரப்பில், ‘வெஸ்டிங்ஹவுஸ்’ என்ற பெயரையே கொலைத் தண்டனைக்கு வினைச்சொல்லாக்கலாம் என்ற யோசனைகூட எழுந்தது. அது நிலைக்கவில்லை.

1890 ஆகஸ்ட் 6-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்பவருக்கு முதன்முதலாக மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. முதல் முறை மின்சாரம் செலுத்தி நிறுத்திய பின்னும் அவருக்கு மூச்சு இருந்ததால் இரண்டாம் முறையும் செலுத்தினார்கள். அந்தச் செய்தி பரவியபோது சொல்லும் கூடவே பரவியது. வீடுகளுக்கும் தெருக்களுக்கும் மின்சாரம் வந்து, தற்செயலான இறப்புகள் நேரத் தொடங்கியபின், தண்டனைக்கு என்று உண்டான சொல் விபத்துக்கும் உரியதாயிற்று. பின்னர், சாகாமல் பிழைத்தவரின் கடுங்காயத்தையும் சிலர் அச்சொல்லாலேயே குறிக்கத் தொடங்கவே, சில அகராதிகள் ‘காயம்’ என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டன. உங்கள் வீட்டு அகராதியில் இருப்பது அதுதான். ஆனாலும் சுவிட்சில் கை வைத்துச் சுரீரென்று இழுத்துக்கொண்டதற்கு அச்சொல் எந்த அகராதிப்படியும் பொருந்தாது. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரண அறிக்கையில் இச்சொல் ஒரு தனித் தலைப்பு. அத்தலைப்பின்கீழ் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரிழப்புகள் பதிவாகி வருகின்றன. அங்கே எண்ணப்படுவோர் அனைவரும் இறந்தவர்களே.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மின்கொலை’, ‘மின்சாவு’, ‘மின்னிறப்பு’ என்றெல்லாம் ஆக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. ‘மின்கொலை’ என்றால் கொன்றவர் ஒருவர் இருக்க வேண்டும். அறுந்து கிடந்த கம்பியை மிதித்து இறந்தவருக்கு அதைச் சொல்வது பொய்யாகும். மற்ற இரண்டும் பேச்சிலும் இல்லை, எழுத்திலும் நிலைக்கவில்லை. நம் மக்கள் ‘கரண்ட் அடிச்சிருச்சு’, ‘ஷாக் அடிச்சது’ என்கிறார்கள். இறந்திருந்தால் ‘கரண்ட் அடிச்சுச் செத்துட்டான்’ என்கிறார்கள். எழுத்துத் தமிழில் அதுவே ‘மின்சாரம் தாக்கி இறந்தார்’ என்றாகிறது. ஆங்கிலச் சொல் காரணத்தையும் விளைவையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டதால்தான் ‘காயமா, மரணமா’ என்ற வழக்கு அங்கே இன்றும் தீரவில்லை. தமிழில் காரணம் ‘தாக்கி’ என்பதிலும், விளைவு அதன்பின் வரும் வினையிலும் தனித்தனியே நிற்கின்றன. ‘மின்சாரம் தாக்கிக் காயமடைந்தார்’, ‘மின்சாரம் தாக்கி மயங்கினார்’, ‘மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்’ ஆகிய மூன்றிலும் ஐயத்துக்கு இடமே இல்லை. எனவே ஒரே சொல் இல்லை என்பதைக் குறையாக நான் கருதவில்லை. அட்டவணைத் தலைப்புக்குப் பெயர்ச்சொல்லே வேண்டும் என்றால் ‘மின்தாக்கு இறப்பு’ என்று எழுதலாம். உயிருக்கு ஊறு நேராத நிலைக்குப் பாடநூல்கள் தரும் ‘மின்னதிர்ச்சி’ மிகப் பொருத்தமானது. உங்கள் மகள் தமிழில் எழுதுவதானால் அதையே எழுதட்டும்.

‘மின்சாரம் தாக்கி பலி’, ‘மின்சாரம் பாய்ந்து பலி’ என இரு விதமாகவும் செய்தித்தாள்களில் வருகிறது. இரண்டும் ஒன்றா? மேலும், தாக்கியது மின்சாரம், இறந்தது மனிதர். எழுவாய் மாறும் இத்தொடர் இலக்கணப்படி சரியா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கும்பகோணம்

ஐயா, தங்கள் இரண்டாம் வினா மிக நுட்பமானது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம், தன் வினைமுதலின், அதாவது அச்செயலைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது பொதுவிதி. ‘உண்டு வந்தான்’ என்றால் உண்டவனும் வந்தவனும் ஒருவனே. ஆனால் ‘ஞாயிறு பட்டு வந்தான்’, ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்ற தொடர்களை உரையாசிரியர்களே எடுத்துக்காட்டி, ‘ஞாயிறு பட வந்தான்’, ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்று ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்தின் பொருளில் வந்த எச்சத்திரிபு (ஓர் எச்சம் வேறோர் எச்சத்தின் பொருளில் வருவது) என ஏற்றுக்கொண்டு விளக்கியிருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ‘பாம்பு கடித்து இறந்தான்’, ‘மின்சாரம் தாக்கி இறந்தான்’ என்பனவும் அவ்வகையே. காரணம் ஒன்றன் செயலாகவும், விளைவு வேறொருவர் மீதும் அமையும்போது தமிழ் தொன்றுதொட்டு மேற்கொள்ளும் நடை இது, பிழையன்று. ‘மின்சாரம் தாக்கியதால் இறந்தார்’ என்று எழுதினால் இன்னும் தெளிவு. நீதிமன்ற ஆவணங்களிலும் மனுக்களிலும் அதையே பரிந்துரைப்பேன்.

தாக்குதலும் பாய்தலும் ஒன்றல்ல. கம்பியில் மின்சாரம் பாய்வது அன்றாட நிகழ்ச்சி, அதில் தீங்கில்லை. ஆகையால் ‘பாய்ந்து’ என்று எழுதினால் எதில் பாய்ந்து என்பதையும் எழுத வேண்டும். ‘தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்திருந்ததை அறியாமல் கால் வைத்தவர் உயிரிழந்தார்’ என்பது நல்ல வாக்கியம். எந்த வழியாகத் தீங்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘தாக்கி’ என்பது உடலைத் தொட்ட கணத்தைக் குறிப்பதால் அதற்குத் தனியாக இடம் சொல்லத் தேவையில்லை.

‘தாக்கி பலி’ என்பதில் ஒற்று விடுபட்டிருக்கிறது. ‘தாக்கிப் பலி’ என்றே வர வேண்டும். அதைவிட எனக்கு உறுத்துவது ‘பலி’ என்ற சொல்தான். தெய்வத்துக்குப் படைப்பதும் காவு கொடுப்பதும் பலி. தலைப்பில் இடம் குறைவு என்பதற்காக நுழைந்த அச்சொல் இப்போது செய்தியின் உடலுக்குள்ளும் குடியேறிவிட்டது. 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டதில் 11 பேர் இறந்தார்கள். அவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். ஒரு தெய்வத் திருவிழாவில் மாண்டவர்களைப் ‘பலி’ என்று எழுதும்போது அச்சொல்லின் பழைய பொருள் எழுந்து நின்று நம்மைக் கூசச் செய்ய வேண்டும். ‘உயிரிழந்தனர்’ என்று எழுத ஆறு எழுத்துகளே கூடுதலாக வேண்டியிருக்கும்.

‘230 வோல்ட் மின்சாரம் பாய்ந்து இறந்தார்’ என்று எழுதுகிறார்கள். வோல்ட் பாயுமா? – பாலிடெக்னிக் மாணவர், சேலம்

பாயாது. வோல்ட் என்பது மின்னழுத்தத்தின் அளவு. பாய்வது மின்னோட்டம், அதன் அளவு ஆம்பியர். ‘230 வோல்ட் மின்னழுத்தமுள்ள கம்பியைத் தொட்டதால் மின்சாரம் தாக்கி இறந்தார்’ என்றால் சரி.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. உடலுக்குள் சுமார் 1 மில்லி ஆம்பியர், அதாவது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஓடினால் சுரீரென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரை ஒட்டிப் போனால் முன்கைத் தசைகள் இறுகி, பிடித்த பிடியை விட முடியாமல் போகும். 50, 100 மில்லி ஆம்பியர் அளவில் மார்பு வழியாக ஒரு நொடிக்கு மேல் ஓடினால், இதயத்தின் கீழறைகள் சீராகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். இரத்தம் மூளைக்குப் போகாது. இந்த வகை இறப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கின்றன. பழைய 60 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொண்ட மின்னோட்டம் ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கும். நனைந்த உடலில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை ஆயிரம் ஓமால் வகுத்தால் கிடைப்பது 230 மில்லி ஆம்பியர். அதே சுவிட்ச், அதே வீடு, அதே அழுத்தம். ஈரம் ஒன்றுதான் மின்னதிர்ச்சியை மரணமாக மாற்றுகிறது. வீட்டு மின்பெட்டியில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுவது இதனால்தான்.

‘கரண்ட் புடிச்சு இழுத்துக்கிச்சு’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மின்சாரம் யாரையும் பிடிப்பதில்லை. கையை மூடும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை என்பதால், எல்லாத் தசைகளும் ஒருசேர இறுகும்போது கை தானே மூடிக்கொள்கிறது. எனினும் இந்தப் பேச்சு வழக்கை நான் திருத்த மாட்டேன். தானாக விடுபட முடியாத நிலை என்பதை அது உடனே உணர்த்துகிறது. கேட்பவர் மெயின் சுவிட்சை நோக்கி ஓடுகிறார். அப்படித்தான் செய்யவும் வேண்டும். இணைப்பைத் துண்டிக்காமல் அவரைத் தொடக்கூடாது. உயரழுத்தக் கம்பியானால் உலர்ந்த கட்டையோடுகூட அருகில் போகக்கூடாது. விடுவித்த பின் மூச்சும் நாடியும் இல்லையென்றால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை நடுமார்பை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

மின்னல் தாக்கி இறப்பதற்கும் இதே சொல்லா? – வாசகர், இராமநாதபுரம்

இல்லை. மின்னலும் மின்சாரமே என்றாலும், தமிழில் ‘மின்னல் தாக்கி’, ‘இடி விழுந்து’ எனத் தனி வழக்குகள் உள்ளன. விபத்து அறிக்கைகளிலும் அது இயற்கைச் சீற்றத்தின்கீழ் தனியாகவே கணக்கிடப்படுகிறது.

‘மின்கசிவால் தீ’ என்ற செய்தி அடிக்கடி வருகிறது. யாழ்ப்பாணத்தில் என் உறவினர்கள் ‘மின்னொழுக்கு’ என்கிறார்கள். மின்கசிவு என்றால் தீயா, ஷாக்கா? – வாசகி, திருச்சி

ஒழுகுவதும் கசிவதும் ஒரே பொருளன. இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் ஒரே உருவகத்தில் பிறந்தவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளோ வாட்டர் ஹீட்டருக்குள்ளோ காப்புறை சிதைந்து, மின்சாரம் தான் போகக்கூடாத உலோக உடலுக்கு வந்துவிடுவது மின்கசிவு. எர்த் கம்பி சரியாக இல்லாத வீட்டில் அந்த உடலைத் தொட்டவரை மின்சாரம் தாக்கும். ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரடியாக ஒன்றோடொன்று பட்டு, அளவற்ற மின்னோட்டம் பாய்ந்து, கம்பி பழுத்துத் தீப்பிடிப்பது குறுக்குச் சுற்று. பேச்சில் ‘ஷார்ட் சர்க்யூட்’. கசிவாலும் தீ மூளலாம் என்பதால் செய்தித்தாள் எழுதுவது முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் தெரியாத ஒவ்வொரு தீயையும் மின்கசிவு என்று எழுதிப் பழகியதால், ‘வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இருக்கிறது’ என்னும் உண்மையான மின்கசிவை அப்பெயரால் அழைக்க நமக்குத் தோன்றுவதில்லை. பெயரிடாததால் எலக்ட்ரீஷியனை அழைக்கவும் தோன்றுவதில்லை. அந்த ‘ஜிவ்’ என்ற உணர்வுதான் மின்கசிவு. அன்றே இணைப்பை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் வேலை செய்த என் அண்ணன் இரும்பு ஏணியை நகர்த்தியபோது அது மேலே சென்ற கம்பியில் பட்டு, மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். ‘தவறி விழுந்து இறந்தார்’ என்று மனுவில் எழுதினால் போதும் என்று வேலை கொடுத்தவர் தரப்பில் சொல்கிறார்கள். சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நாங்கள் எப்படி எழுதுவது? – தங்கை ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

அம்மா, உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். தயவுசெய்து ‘தவறி விழுந்து’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள்: ‘வேலை செய்துகொண்டிருந்தபோது இரும்பு ஏணி மேலே சென்ற மின்கம்பியில் பட்டு, மின்சாரம் தாக்கியதால் நிலைதடுமாறிக் கீழே விழுந்து உயிரிழந்தார்.’ நேரம், இடம், யார் சொல்லி அந்த வேலையைச் செய்தார் என்பவற்றையும், தெரிந்தால் கம்பி கட்டடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் சென்றது என்பதையும் சேருங்கள்.

இந்த ஒரு சொற்றொடர் இல்லாவிட்டால் விசாரணை வேறு பாதையில் போய்விடும். இயற்கைக்கு மாறான மரணத்தைக் காவல்துறை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்கீழ் விசாரித்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குரியது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு. உடற்கூறாய்வு செய்யும் மருத்துவருக்கு மின்சாரம் தாக்கியதாக முன்கூட்டியே தெரிந்தால், உள்ளங்கையிலோ விரலிலோ மின்சாரம் நுழைந்த இடத்தில் காணப்படும் சிறிய, நடுவில் குழிந்த, வெளிறிய தீப்புண்ணை அவர் குறிப்பாகத் தேடுவார். விழுந்ததில் ஏற்பட்ட பெரிய காயங்களுக்கு நடுவே அது எளிதில் கண்ணில் படாது. மின்சாரத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் மின் ஆய்வாளருக்குத் தகவல் தருவதையும் அவர் விசாரிப்பதையும் பற்றி, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு பேசுகிறது. ‘தவறி விழுந்து’ என்று எழுதப்பட்ட மரணத்தை அந்த அலுவலகம் எட்டிப் பார்க்க வாய்ப்பே இல்லை. பணியின்போது நேர்ந்த இறப்பு என்பதால், 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதன் வழிவந்த இன்றைய விதிகளும் என்ன தருகின்றன என்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அங்கே தகுதியுள்ளோருக்கு இலவச உதவி கிடைக்கும்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் இரவில் சைக்கிளில் சென்ற ஒருவர், மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியால் இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் கம்பி விழுந்தது, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று அம்மாநில மின்வாரியம் வாதிட்டது. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனத்துக்குத் தன் கவனக்குறைவு நிறுவப்படாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று கூறி, 2002-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. அந்தத் தீர்ப்பு உங்கள் வழக்குக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞரே சொல்ல முடியும். ஆனால் அதை மேற்கோள் காட்டுவதற்கேனும் ‘மின்சாரம் தாக்கியதால்’ என்ற சொற்கள் உங்கள் முதல் மனுவிலேயே இருக்க வேண்டும்.

‘மின்வேலியில் சிக்கி யானை உயிரிழப்பு’ என்று எழுதுவது சரியா? விலங்குக்கும் ‘உயிரிழப்பு’ பொருந்துமா? – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

தாராளமாகப் பொருந்தும், உயிருள்ள எதுவும் உயிரிழக்கும். நான் திருத்த விரும்புவது ‘மின்வேலி’ என்பதை. வனத்தை ஒட்டிய தோட்டங்களில் முறையாக அமைக்கப்படும் சூரிய மின்வேலியில் அழுத்தம் பல ஆயிரம் வோல்ட் இருந்தாலும், மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. நொடிக்கு ஒரு முறை அளவில், கண்ணிமைப்பதைவிட மிகக் குறைந்த நேரத்துக்குத் துடிப்பாக வந்து போகும். விலங்கை விலகச் செய்யும், கொல்லாது. வீட்டு இணைப்பிலிருந்தோ கம்பத்திலிருந்தோ நேரடியாக எடுத்து வேலியில் கொடுத்தால் மின்சாரம் இடைவிடாமல் ஓடும். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகளைக் கொன்றது அப்படிப்பட்ட வேலிதான். கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. இரண்டையும் ‘மின்வேலி’ என்ற ஒரே சொல்லால் எழுதினால், முறையாக வேலி போட்ட உழவரும் குற்றவாளியாகத் தெரிவார், சட்டத்தை மீறியவரும் வேலி போட்டவராக மட்டுமே தெரிவார். ‘சட்டவிரோதமாக நேரடி மின்இணைப்புக் கொடுத்த வேலியில் மின்சாரம் தாக்கி யானை உயிரிழந்தது’ என்று முழுமையாக எழுதுங்கள்.